கூப்பிட்டால் கேட்கும் தூரம்

இன்று காலை சோழவந்தானில் அண்ணனுடைய வெற்றிலைக் கொடிக்கால் வாசலில் நிற்கும்போது அந்த ஈர வாசனை வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, அகத்தி மறைக்கிற வரிசைக்குள் நீ அந்த வாசனையை முகர்ந்துகொண்டே நடந்தாயே, அந்த நாள்.

அன்றைக்கு அண்ணன் சாதாரணமாகத்தான் சொன்னார். "வெயிலு ஏறுது, ரெண்டு பேரும் அங்கிட்டு ஒதுக்கமா உக்காருங்க."

உனக்கு அது போதாதா! "அண்ணே, ஒதுக்கம்னா நிழலா? மறைவா? தனியாவா?" என்று பிடித்துக்கொண்டாய். வில்லாபுரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே அத்தனை பேரோடு வளர்ந்தவள் நீ. "எங்க வீட்டுல அப்படி ஒரு இடமே இல்லண்ணே. வீட்டுல நாங்க பேசுற பாஷையில இதுக்கு என்ன சொல்வாங்கன்னு எங்கம்மாவத்தான் கேக்கணும்" என்றாய்.

கொடிக்காலுக்குள் ஆள் இருப்பது தெரியாது. அதனால் வருகிறவர் வாசலில் நின்று குரல் கொடுப்பார்; உள்ளே இருப்பவர் பதில் குரல் கொடுப்பார். அதையே அண்ணன் சொன்னார். "நீ உள்ள இருந்தா யாரு கண்ணுக்கும் படமாட்ட. கூப்பிட்டா நான் வந்துருவேன். அம்புட்டுத்தேன் ஒதுக்கம்."

அப்புறம் நம் அலுவலகத்தில் உன் தொல்லை தாங்கவில்லை. டிபன் டப்பாவைத் திறக்கும்போதே ஆரம்பிப்பாய். "ஏடி, பஸ்ஸுல ஜன்னல் சீட்டு ஒதுக்கமா? ஆஸ்பத்திரித் தனி ரூமு?" "ஆள விடுடி தாயே" என்பேன்.

நோய் வந்தபின், வீட்டில் உனக்கென்று ஒழித்துக் கொடுத்த மாடி அறைக்குப் போய்விட்டாய். முடி கொட்டிய தலையோடு யார் கண்ணிலும் படமாட்டேன் என்றாய். நான் வந்தபோது மேலிருந்தே கத்தினாய். "மேல வராத. அதுக்காகப் போயிராதடி!"

எனக்குச் சுருக்கென்றது. என்னிடமுமா என்று அழுகை வந்தது. பிறகுதான் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து, "இங்கனதான்டி இருக்கேன்" என்றேன். மேலிருந்து "ம்" என்றாய். ஞாயிறுதோறும் அப்படியே பேசினோம். கடைசிவரை உன் முகத்தைப் பார்க்கவில்லை; அந்த ஏக்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு ஞாயிறு கேட்டாய்: "போய்ச் சேந்துட்டா அது ஒதுக்கமா, தனிமையாடி?"

"வாய மூடுடி" என்று அதட்டிவிட்டேன்.

இன்று அண்ணன் சந்தைக்குப் போயிருந்தார். கொடிக்காலுக்குள் யாருமில்லை என்று தெரியும். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, உன் பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்தேன். கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு வாசலிலேயே உட்கார்ந்து சொன்னேன்: "இங்கனதான்டி இருக்கேன்."