டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு சமுத்திரம்

மார்ச் 4

என் தங்கை பெற்ற மருமகளும், ரத்தக் குப்பிகளின் மகாராணியுமான உனக்கு,

சக்கரவர்த்தியாகிய நான் சௌக்கியம். மார்பகப் புற்றை வென்று வந்த பட்டத்தரசியாகிய உன் அத்தையும் அப்படியே. அந்தப் புற்று மூளைக்குத் தாவுமா என்று ரத்தத்தில் முன்கூட்டியே காட்டும் அடையாளத்தைத் தேடுகிறாயே, அதற்கு அவளும் போன வருடம் மூன்று குப்பி கொடுத்தாள். மூன்றா? முப்பது குடம்! அடையாளம் இருக்கிறதா, இல்லையா? மாமன் காதில் மட்டும் போடு.

வீட்டுச் செய்தி: பட்டத்தரசி இப்போதெல்லாம் தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுகிறாள். மேஜையெல்லாம் சமுத்திரம். நேற்று இரண்டு கப்பல்கள் கரை ஒதுங்கின. விடிந்தால் தலைவலி வேறு. கேட்டால், "உங்க வாயை மூடினா எல்லாம் சரியாயிடும்" என்கிறாள்.

ஏழு கடலுக்கும் அதிபதி,
உன் மாமா

மார்ச் 15

அன்புள்ள மாமாவுக்கு,

குப்பியில் எண் மட்டும்தான். எது அத்தையுடையது என்று எனக்கே தெரியாது. தெரிந்தாலும் சொல்லக் கூடாது. அந்த அடையாளத்தை நம்பலாமா என்பதே இன்னும் நிச்சயமில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சமுத்திரக் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் உரக்கப் படித்தேன். ஆய்வகத்தில் எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "உன் மாமாவை இங்கயே வேலைக்குச் சேர்த்துடலாம்மா" என்றார் எங்கள் பெரிய டாக்டர். கடிதத்தை ஆய்வகப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். பாவம் அத்தை, உங்களோடு குடித்தனம் நடத்தினால் யாருக்குத்தான் தலை வலிக்காது?

அன்பு மருமகள்

மே 2

மருமகளுக்கு,

போன வாரம் குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தாள். ஸ்கேனில் மூளையில் நான்கு இடம். ஒன்று பார்வைக்கான பகுதியில். டம்ளரில் பாதி அவளுக்குத் தெரியவே இல்லையாம்.

"தண்ணி வெளிய ஊத்துறது எத்தனை நாளா?" என்று கேட்டார் டாக்டர். உன் பலகையில் தேதியோடு இருக்கிறது, பார்த்துச் சொல்.

குப்பி விஷயத்தில் உன்மேல் குறையில்லை. விதி விதிதான். ஆனால் என் கடிதத்தில் எண் போடவில்லையே, அத்தை என்றுதானே எழுதியிருந்தேன்? மூளைக்குப் பரவுவதைத் தவிர வேறெதையும் யோசிக்காத எட்டுப் பேர் சிரித்திருக்கிறீர்கள். எழுதிய கோமாளியோடு சேர்த்து ஒன்பது.

அவள் சொல்லச் சொன்னது: "என் ரத்தத்தைத் தூக்கிப் போட்டுடாதே. நாலு பேருக்கு ஆகும்." சொல்லிவிட்டேன்.

பார்க்க வருவதாகப் போனில் அழுதாயாம். வராதே. வந்தால் உன்னைத் தேற்றுவதற்காக அவள் எழுந்து உட்காருவாள். அவளை உட்கார வைக்க இப்போது இரண்டு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தையின் கணவன்