அங்கே பெருநாள், இங்கே நோன்பு

சாய்ந்தமருது,
பெருநாள் கழிந்து இரண்டாம் நாள், புதன் காலை.

அன்பு மனைவி றுமானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் மகளும் மாமியும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆகையால் உன் நலமறிய ஆவல் என்று எழுதப்போவதில்லை. போனில் கதைத்தால் நீ அழுகிறாய். நீ அழுதால் எனக்குக் கோபம் வருகிறது. என் சத்தம் கூடினால் அடுத்த அறையில் உன் உம்மா தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறார். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன். தனியாக இருந்து வாசி. பாதியில் என்னை அழைக்காதே.

நேற்றுப் பின்னேரம் நீ அனுப்பிய செய்தியைப் பலமுறை வாசித்துவிட்டேன். டிக்கட் போட்டாயிற்றாம். வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் படிப்பை விடுவதாக எழுதிக் கொடுக்கப் போகிறாயாம். ஆகிலாவைப் பிரிந்து இருக்க முடியவில்லையாம். பாவம், அந்தப் பிள்ளையை ஏன் இதற்குள் இழுக்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை காலை வரை பிரிந்துதானே இருந்தாய்? அன்று பின்னேரம் உன் கூடப்பிறந்த காக்கா உன்னைப் போனில் ஏசினார். அதன் பிறகுதான் உனக்கு மகளின் நினைவு தாங்க முடியாமல் போயிற்று. நீ வருவது பிள்ளைக்காக அல்ல, ஏச்சுக்காக. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சுற்றி வளைத்துச் சொன்னேன் என்று குறை சொல்லக் கூடாது. வராதே.

இனி இங்கே நடந்ததைக் கேள். உனக்குக் காக்காவின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை நமக்குக் கடைசி நோன்பு, நம் கண்ணாடிக் கடையில் நல்ல சனம். பெருநாளுக்குக் கறுப்புக் கண்ணாடி போடாவிட்டால் நம் ஊர்ப் பொடியன்களுக்குப் பெருநாளே ஆகாது என்பது உனக்குத் தெரியும். வெயிலென்றால் அப்படி ஒரு வெயில். கல்முனை பஸார் முழுக்க நாக்கு வறண்டு நின்றது. அந்த நேரத்தில்தான் உன் படம் வந்து சேர்ந்தது. நீ சரயேவோவில் பெருநாள் தொழுதுவிட்டு, வெளியே போட்டிருந்த மேசையில் கூட்டாளிமாரோடு இருந்து, ஒரு இனிப்புத் துண்டை வாயருகே பிடித்தபடி, வாய் கொள்ளாமல் சிரிக்கிற படம். நீ அதற்குக் கீழே பெருநாள் வாழ்த்துத்தான் எழுதியிருந்தாய். எந்தப் புண்ணியவான் அதை வெட்டியெடுத்தானோ, குடும்பத்து வட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது வாழ்த்து இல்லை, நீயும் இனிப்பும் மட்டும்தான் இருந்தீர்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தாற்போல் என்பார்கள். நோன்பு நாளில் அவலும் ஆகாதே, உன் படம் கிடைத்தது. கடைக்கே கொண்டுவந்து காட்டினவர்களில் பலர் என்னிடம் கண்ணாடி வாங்கிப் போட்டிருக்கிறவர்கள். நான் கொடுத்த கண்ணாடியில் ஏதோ பிழை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அஸர் தொழுகைக்குச் சற்று முன் காக்கா வந்தார். கடைக்குள் ஏறவில்லை. வாசலிலேயே நின்று, நாமெல்லாம் நோன்போட கிடக்கம், உங்கட பொண்டாட்டி பட்டப்பகல்ல வாய் நிறையத் திங்கா, பாத்தீங்களா மச்சான் என்றார். நான் அவருக்குச் சொன்னேன், மச்சான், அங்கே இன்றைக்குப் பெருநாள், பெருநாளன்று நோன்பு பிடிப்பதுதான் ஹறாம், அவள் தின்னாமல் இருந்திருந்தால்தான் நீங்கள் ஏச வேண்டும் என்று. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். பிறைக் கணக்குத் தெரியாத மனிதரல்ல அவர். வெளிநாட்டில் ஒரு நாள் முந்திப் பெருநாள் எடுப்பதைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நோன்புக் களைப்பில் அது நினைவுக்கு வரவில்லை. சரி, விசயம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

காரணம் பிழைத்துப் போனால் கோபக்காரன் கோபத்தையா விடுவான்? வேறு காரணம் தேடுவான். சரி பெருநாளெண்டே வெச்சுக்கொள்ளுவம், அந்த மேசையில இரிக்கிற ஆம்பிளை ஆரு என்று கேட்டார். உன்னோடு படிக்கும் இந்தோனேசியப் பிள்ளையின் புருசன் என்றேன். அவள் அவள்ட புருசனோட போயிருக்காள், உங்கட பொண்டாட்டி ஆரோட போன என்றார். நான்தான் போகச் சொன்னேன் என்றேன். அது அவருக்கு ஒரு பதிலாகவே தெரியவில்லை. அங்கிருந்து போன கையோடுதான் உன்னை அழைத்து ஏசியிருக்கிறார்.

காக்காவை நீ வெறுக்க வேண்டாம், நானும் வெறுக்கவில்லை. வாப்பா மௌத்தான பிறகு உன்னைத் தோளில் வைத்துத் திரிந்தவர் அவர். அந்த உரிமையில் ஏசுகிறார். ஆனால் உரிமை வேறு, நியாயம் வேறு. நீ மண்ணைப் படிக்கப் போனாய். உப்பேறிய வயலில் நெல் விளைய வைக்கிற வித்தையைப் பாதி படித்திருக்கிறாய். மீதிப் பாதியை ஒரு இனிப்புத் துண்டுக்காக அங்கேயே போட்டுவிட்டு வருவாயா?

திங்கட்கிழமை நமக்குப் பெருநாள். மாமி விடியற்காலை ஸுபஹுக்கு முன்பே எழும்பிப் பெருநாள் இனிப்புக்கு வட்டலப்பம் அவித்தார். ஆகிலா ஊதா நிறப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கேற்றில் நின்றாள். காக்காவின் பிள்ளைகள் வருவார்கள், சேர்ந்து ஊர் சுற்றலாம் என்று நின்றாள். ஒருவரும் வரவில்லை. காக்காவின் மனைவி மச்சியும் வரவில்லை, அடுத்த வளவுக்காரர் வரவில்லை. மத்தியானம் லுஹர் வரை நின்றுவிட்டு உள்ளே வந்து, வாப்பா, பெருநாள் நாளைக்கா என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக ஊரையே அடிக்கலாம் போல் இருந்தது எனக்கு.

மாமி அதுவரை என் பக்கமும் பேசவில்லை, காக்கா பக்கமும் பேசவில்லை. உன் படத்தைக் காட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அஸர் தொழுதுவிட்டு வந்து, மகன், இவளோட போன அந்தக் காரைதீவுப் புள்ளட ஊடு தெரியுமா, இவளக் கூட்டிக்கிட்டுத் திரிஞ்ச அவள்தான், தாயிட்ட ரெண்டு கேள்வி கேக்கணும் என்றார். சண்டைக்குப் போகிற மனுசி, போகிற கையில் ஒரு சட்டி வட்டலப்பத்தையும் தூக்கிக்கொண்டார். உன் உம்மாவை எனக்கு இதனால்தான் பிடிக்கும்.

ஆட்டோவில் ஆகிலாவையும் ஏற்றிக்கொண்டு காரைதீவுக்குப் போனோம். உன்னோடு அங்கே படிக்கும் கிருசிகாவின் அம்மா மீனாம்பிகை அக்கா எங்களைக் கண்டதும் முதலில் திடுக்கிட்டார், பிறகு கதிரை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது, பழம் வந்தது. மாமி வட்டலப்பத்தைத் திறந்து ஒரு துண்டு தின்னுங்க என்றார். அவர் கும்பிட்டு, இண்டைக்குத் திங்கட்கிழமை அக்கா, நான் விரதம், விளக்கு வைச்ச பிறகு கட்டாயம் சாப்பிடுவன் என்றார். மாமி ஒரு கணம் அவரைப் பார்த்தார். எங்களுக்குப் பெருநாள், உங்களுக்கு நோன்பா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நம் வீட்டு ஆள் ஒருவர் சிரித்தது அப்போதுதான்.

சண்டை வரவேயில்லை. ஏன் தெரியுமா? கேள்வி கேட்க அந்த மனுசியும் ஆயத்தமாக இருந்திருக்கிறார். என்ட மகள் தலையில துணியப் போட்டுக்கிட்டுப் பள்ளிவாசல் முற்றத்தில நிக்கிற படத்தச் சனம் கொண்டுவந்து காட்டுது, உங்கட மகள்தான் மதம் மாத்திப்போட்டாளாம் எண்டு கதைக்குது, குளிருக்குப் போட்டிருப்பாள் எண்டு சொல்லிச் சொல்லி என்ட வாய் நோகுது என்றார். இரண்டு ஊரிலும் ஒரே சமையல்தான், உப்புப் புளிதான் வேறு.

அப்போதுதான் மாமி என்னிடம் அந்தப் படத்தைக் கேட்டார். நீ அழித்துவிட்டாய், என்னிடம் இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். என்ன சொன்னார் என்று அப்படியே எழுதுகிறேன். இவள் இஞ்ச இரிக்கக்குள்ள ஒரு நாளாவது இப்பிடி வாயத் திறந்து சிரிச்சவளா மகன் என்று என்னைக் கேட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன், றுமானா. நீ சிரிப்பாய்தான். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பாய், அடுக்களையில் சிரிப்பாய், ஆகிலாவோடு சிரிப்பாய். இப்படி, யார் பார்க்கிறார்கள் என்று பாராமல் நீ சிரித்து நான் கண்டதில்லை. எனக்குச் சுருக்கென்றது. என்னோடு இருந்தபோது இல்லாத சிரிப்பு அங்கே எங்கிருந்து வந்தது என்று ஒரு பொறாமையும் வந்தது, மறைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பொறாமையோடுதான் வந்தேன். பிறகு யோசித்தேன். அந்தச் சிரிப்பை நிறுத்துகிற ஆள் நானாக இருக்கக் கூடாது. அதை இந்த வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் நீ அங்கே போன காரியத்தை முடித்துவிட்டு வர வேண்டும். பாதியில் தலைகுனிந்து வந்தால் பழைய சிரிப்பும் மிஞ்சாது.

இன்னொன்று. நாங்கள் எழும்பும்போது மீனாம்பிகை அக்கா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது. உங்கட மகள் படிப்ப விட்டுட்டு வாற யோசனையில இரிக்காவாம் எண்டு கிருசிகா போனில சொன்னவள், அவ பெரியவ, அவ அங்க இரிக்கிற தைரியத்திலதான் இவளை அப்பா விட்டவர், அவ வந்தா அடுத்த பிளேனில இவளையும் கூப்பிடுவார், இவள் அழுதாலும் கேக்கமாட்டார் என்றார். நீ எழுதிக் கொடுக்கப் போகும் கடிதத்தில் ஒரு பெயர்தான் இருக்கும். ஆனால் அது இரண்டு பேரின் படிப்பை முடித்துவிடும்.

நேற்றுக் காலை காக்கா வீட்டுக்கு வந்தார். என் முன்னால அவளக் கூப்பிடுங்க, வாறியா இல்லையா எண்டு கேளுங்க, புருசன் நீங்க சொல்லாட்டி அவள் கேக்கமாட்டாள் என்றார். நான் முடியாது என்றேன். பொண்டாட்டி இல்லாத ஊட்டுல மாப்பிள்ளைக்கு என்ன வேலை, உங்கட உம்மாட ஊட்டுக்குப் போங்களன் என்று ஒரு சொல் சொன்னார். சொன்னதும் அவருக்கே முகம் சுருங்கிவிட்டது. நான் வாயைத் திறக்குமுன் மாமி அடுக்களையிலிருந்து வந்தார். சத்தம் போடவில்லை. இந்த ஊடு அவள்ட கலியாணத்துக்கு அவளுக்கு எழுதிக் குடுத்த ஊடு, இஞ்ச நான் இரிக்கிறதும் அவள்ட ஊட்டிலதான், நீ வந்து இரிக்கிற கதிரையும் அவள்டதான், அவள்ட ஊட்டில இருந்துகொண்டு அவள்ட புருசனப் போகச்சொல்ல நீ ஆரு, அவளை வரச்சொல்ல நான் ஆரு, படிச்சு முடிச்சிட்டு வரட்டும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ என்றார். காக்கா தேத்தண்ணி குடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் இன்னும் வரவில்லை. மாமி உள்ளே போய் அழுதார். மகனையும் விட முடியாது, மகளையும் விட முடியாது, பெற்ற வயிறு. ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை. ஆக, உன் செய்தி வந்து சேருமுன்பே உன் வீட்டில் தீர்ப்பு ஆகிவிட்டது.

காக்கா உன்னை மறுபடியும் அழைப்பார். எடு. ஸலாம் சொல்லு. அவர் ஏசி முடிக்கும் வரை கேள், குறுக்கே பேசாதே. முடிந்ததும், நான் முடித்துவிட்டு வருகிறேன் காக்கா, எனக்குத் துஆச் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லு. காரணம் சொல்லத் தொடங்காதே. அவருக்குக் காரணம் கொடுக்கக் கொடுக்க அவர் புதுக் கேள்வி கண்டுபிடிப்பார், அதில் அவர் கெட்டிக்காரர். அழித்த படத்தைத் திரும்பப் போடு. வாழ்த்தைப் படத்துக்கு மேலேயே எழுது, வெட்டுகிறவன் உன் தலையையும் சேர்த்து வெட்ட வேண்டியதாக இருக்கட்டும். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கூட்டாளிமார் எங்கேயோ போக இருப்பதாக முன்பு சொன்னாயே, அதற்கும் போ. கிருசிகாவையும் கூட்டிக்கொண்டு போ. அவளுக்கு ஒரு நல்ல குளிர்த்தொப்பி வாங்கிக் கொடு, மீனாம்பிகை அக்காவின் வாய் கொஞ்சம் ஓயட்டும்.

ஆகிலாவுக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது, தொட விடுகிறாளில்லை. இரவில் உன் பழைய சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு படுக்கிறாள். பொய் சொல்ல மாட்டேன், சில நாள் உன்னைக் கேட்டு அழுகிறாள். அழுதுவிட்டுத் தூங்கிவிடுகிறாள். காலையில் பள்ளிக்கூடம் போகிறாள். அவளை நான் பார்த்துக்கொள்வேன். சடை பின்னத்தான் இன்னும் வரவில்லை, ஒரு பக்கம் மேலே ஏறிவிடுகிறது.

நீ பிள்ளை ஆசையில் லீவுக்கு வா, கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு முதல் நாளே வந்து வாசலில் படுத்துக் கிடப்பேன். வெட்கத்தில் ஓடி வந்தால் நான் கூட்டிவர வர மாட்டேன். இது என் முடிவு.

வெள்ளிக்கிழமைக்கு முன் டிக்கட்டை ரத்துச் செய். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. செய்துவிட்டேன் என்று ஒரு சொல் மட்டும் அனுப்பு. அந்தச் சொல் வரும் நாளில் நான் கடையைப் பூட்டிவிட்டுக் கொஞ்சம் அழுவேன். அது என் வேலை, நீ அதில் தலையிடாதே. உன் வேலை படிப்பது.

அல்லாஹ் உன் காலையும் அறிவையும் உறுதியாக்கி வைப்பானாக. உன் சிரிப்பையும் அப்படியே வைப்பானாக.

என்றும் உன்,
முஸ்தாக்.