முகட்டுக்கு இந்தப் பக்கம்

ஜுவோசி, கிழக்குச் சரிவு
3 செப்டம்பர் 1983

அன்புள்ள அண்ணன் மனியாஸுக்கு,

புயலில் நாங்கள் பிழைத்துவிட்டோம். ஆனால் அப்பாவைக் காணவில்லை. மழை விட்ட மறுநாள், மேலே நம் பழைய கல்வீடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகப் போனவர் இன்னும் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் சலிசானும் ஊர் ஆண்களும் தேடிப் போனார்கள். அருவிக்கு மேலே பாதை முழுவதும் சரிந்து ஆற்றுக்குள் கிடக்கிறதாம்.

எங்கள் பக்கத்து மலையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளத்தாக்கிலிருந்து நேராக எழுந்து நிற்கும்; ஒரு மழைக்குப் பாதி கீழே வந்துவிடும். உன் பக்கம் அப்படியில்லை. மூங்கில்புல் மேட்டோடு மெதுவாக ஏறி முகட்டைத் தாண்டினால் பழைய வீட்டுக்கு மேலிருந்தே இறங்கிவிடலாம். அந்த வழி தெரிந்தவன் நீ ஒருவன்தான். தொலைபேசிக் கம்பி அறுந்து கிடக்கிறது. தெற்கே சுற்றிப் போகும் பஸ்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உடனே புறப்படு, அண்ணா.

உன் தங்கை
புனி

ஷின்யி, மேற்குச் சரிவு
6 செப்டம்பர்

அன்புத் தங்கைக்கு,

பயப்படாதே. அப்பாவுக்குத் தெரியாத மலையா? ஏதாவது பாறைக்கடியில் மான்கறி சுட்டுத் தின்றுகொண்டிருப்பார். நாளை தைப்பேயிலிருந்து வரும் மலையேறிகளை முகட்டுக்கு அழைத்துப் போகிறேன். போன வருடமே பேசி வைத்தது. இப்போது கைவிட்டால் இனி ஒருவரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அவர்களை இறக்கிவிட்டதும் வருகிறேன். சலிசானை இன்னொரு தடவை போய்ப் பார்க்கச் சொல். அவனுக்கு மலை என்றாலே கொஞ்சம் பயம்தான்.

மனியாஸ்

ஜுவோசி
16 செப்டம்பர்

மனியாஸுக்கு,

அப்பாவை நேற்று அடக்கம் செய்துவிட்டோம். மலைக்குப் பயப்படும் சலிசான்தான் கயிறு கட்டிச் சரிவைத் தாண்டிப் போய் அவரைத் தூக்கி வந்தார். கால் முறிந்திருந்தது. பழைய வீட்டுச் சுவரோரம் தீ மூட்டிய சாம்பல் இருந்ததாம். அதற்கு மேலே இன்னொரு சாம்பல். அதற்கும் மேலே, முகட்டுப் புல் தொடங்கும் இடத்தில், அவர் கிடந்தார்.

கால் முறிந்த மனிதர் எதற்காக மேலே ஏறினார் என்று கேட்டேன். சலிசான் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"கீழருந்து யாரும் வர முடியாதுன்னு மாமாவுக்குத் தெரியும், புனி. மேலருந்து மகன் வருவான்னு ஊர்ந்து போயிருக்காரு."

உன் ஆட்களின் கூடாரங்கள் முகட்டில் நீலமாகத் தெரிந்ததாம். அப்பா உயிரோடு இருந்தபோது அவற்றைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

தேவாலயத்தில் போதகர் மூத்த மகன் எங்கே என்று விசாரித்தார். வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

நீ வர வேண்டாம். பாதையைச் சரிசெய்த பிறகும் வேண்டாம்.

புனி