முகப்பில் கேட்ட கேள்வி

நேற்று ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் ஒருவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு உங்கள்மேல் மறுபடியும் கோபம் வந்தது.

நம் மகள் உமையாளுக்கு வலிப்பு மாத்திரையை மாற்ற வேண்டுமாம். புதியதை எழுதுவதற்கு முன் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முன்பு எந்த மருந்துக்காவது உடம்பு தடித்ததா, மஞ்சள் காமாலை வந்ததுண்டா, வேறு என்ன சாப்பிடுகிறீர்கள், நாட்டு மருந்தானாலும் சொல்லுங்கள், செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியதா? ரத்தம் சோதித்த பிறகே மாத்திரை என்றார். சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும், பழையதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்றார். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தக் கால் மணி நேரம் உங்களிடம் இல்லாமல் போயிற்று.

அறுபதுகளின் கடைசி அது. நீங்கள் மலாயாவில் கடை பார்த்துக்கொண்டிருந்தபோது, நெற்குப்பையில் என் பிறந்த வீட்டில்தான் உமையாளுக்கு முதல் வலிப்பு வந்தது. அங்கே கொடுத்த மாத்திரையில் சில நாட்களிலேயே பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. அந்த டாக்டர் உடனே அதை நிறுத்தினார். மருந்தின் பெயரை என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, இந்தப் பிள்ளைக்கு இனி இது ஆகவே ஆகாது என்றார். பீனோபார்பிடோன். கான்வென்டில் படித்தவள் நான். ஓர் எழுத்துப் பிசகாமல் மனத்தில் வைத்துக்கொண்டேன். நீங்கள் ஊர் திரும்பிய வாரமே உங்களிடம் சொன்னேன். பெட்டியிலிருந்து பீங்கான் கோப்பைகளை எடுத்து அடுக்கிக்கொண்டே 'ம்' என்றீர்கள்.

மறுபடி வலிப்பு வந்ததும் நம் ஊர் டாக்டரை வீட்டுக்கே வரவழைத்தீர்கள். முகப்பில் அவருக்கு ஒரு நாற்காலி, உங்களுக்கு ஒன்று, உங்கள் அண்ணனுக்கு ஒன்று. பிள்ளையைப் பெற்றவள் உள்கட்டு வளவின் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"முன்னால ஏதும் மாத்திரை குடுத்து ஒத்துக்காமப் போச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்."

நான் கதவைத் தாண்டி வந்தேன். "இருக்கு. மேலெல்லாம் தடிச்சுச்சு. அந்த மருந்து பேரு..."

"நீ உள்ள போ," என்றீர்கள். பிறகு டாக்டரிடம், "பொம்பளையாளுக வேர்க்குருவக் கண்டாலும் வியாதிம்பாக."

டாக்டர் சிரித்தார். உங்கள் அண்ணன் சும்மா இருக்கவில்லை. "கான்வென்டுப் படிப்பு டாக்டர். விட்டா பாதி வைத்தியத்த அவுகளே பாத்துருவாக." மறுபடியும் சிரிப்பு. டாக்டர் எழுதி முடித்துவிட்டார்.

சாயங்காலம் நீங்கள் வாங்கி வந்த புட்டியில் அதே பெயர் இருந்தது. விரல் வைத்துப் படித்துக் காட்டினேன்.

"டாக்டருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?"

"பட்டது என் பிள்ளை. பாத்தது நான். இத நான் குடுக்க மாட்டேன்."

"நீ குடுக்க வேணாம். நான் குடுக்குறேன்."

கொடுத்தீர்கள். உங்கள் கையால், தேனில் குழைத்து.

சில நாளில் பிள்ளைக்கு உதடு வெந்ததுபோல் உரிந்தது. இமைகள் ஒட்டிக்கொண்டன. நீங்கள் சாமி அறையில் போய் நின்றீர்கள். நான் யாரையும் கேட்காமல் வாடகைக் காரை வரச்சொல்லி, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மதுரைக்குப் போனேன். "பிள்ளையப் பத்தித் தெரிஞ்சவங்க யாரு?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நான்தான் என்றேன். அங்கே என்னைக் கடைசிவரை பேசவிட்டார்கள்.

உயிர் தங்கியது. பார்வையும் ஓரளவு தங்கியது. கண்ணில் நீர் ஊறுவது மட்டும் அதோடு நின்றுவிட்டது.

நீங்கள் வெள்ளியில் கண்மலர் செய்து, கண்ணைக் காக்கும் நாட்டரசன்கோட்டை அம்மனுக்குச் சாத்தினீர்கள். ஊரே மெச்சியது. "கண்ணாத்தா காப்பாத்திக் குடுத்தா" என்று என்னிடமே சொன்னீர்கள். அவ்வளவு தூரம் போய் அம்மனிடம் கேட்கத் தெரிந்தவருக்கு, கதவுக்குப் பின்னால் நின்றவளிடம் கேட்கத் தெரியவில்லை. நீ அன்றைக்குச் சொன்னது சரி என்று கடைசிவரை ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவில்லை. நீங்கள் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அவளுக்கு ஆரஞ்சுச் சுளையில் நார்கூட இல்லாமல் உரித்துக் கொடுத்த மனிதர் நீங்கள்.

உங்களை வளவில் கிடத்தியிருந்த அன்று உமையாள் உங்கள் காலடியில் உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கிற்று, கண் காய்ந்து கிடந்தது. பங்காளி வீட்டு ஆச்சி ஒருத்தி எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "பெத்த அப்பச்சிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே. என்ன கல் நெஞ்சோ!"

நான் எழுந்துவிட்டேன். அத்தனையையும் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். உமையாள் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"விடுங்க ஆத்தா. அப்பச்சிக்குத் தெரியும்."

அவள் உங்களை மன்னித்துவிட்டாள். அது அவள் விருப்பம், நான் மன்னிக்கவில்லை. ஆனால் அன்று எனக்கு அழுகை தொண்டைவரை வந்தது. அத்தனை பெண்கள் நடுவில் என் மகள் ஒருத்திதான் காய்ந்த கண்ணோடு இருந்தாள் என்று யாரும் சொல்லக் கூடாது. அதனால் விழுங்கிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உங்களுக்காக அழ வேண்டியதை இன்றுவரை நான் அழவில்லை.