உன்னைப் பார்த்ததும் கூடிய வேகம்

டார்ச்சுக்கு பேட்டரி தேடி இழுப்பறையைக் கிளறினேன். கறுப்பு டேப் சுற்றிய அந்த சென்சார் தட்டுப்பட்டது. டேப்பின் பசையில் உன் நாய் டைகரின் முடி ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி. நான் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கருவிப் பிரிவில். நீ செய்யூரில் கால்நடை மருத்துவர். "மச்சான், நாய் நொண்டுறத கண்ணால பாத்தா ஆளுக்கு ஒண்ணு சொல்றான். நீ அளந்து குடு" என்று மடக்கிப் பிடித்தாய். சிமெண்டு நடையில் நாய் கடக்கும் நேரத்தைக் குறிக்க, சம தூரத்தில் மூன்று சென்சார்கள் வைத்தேன்; இடையே பாதத்தின் அழுத்தத்தை அளக்கும் பலகை. இரண்டு பாதியையும் நாய் சம நேரத்தில் கடந்தால்தான் அந்த ஓட்டம் கணக்கில் சேரும். நடுவே வேகம் கூட்டினால் பின்னங்கால் பலமாக உந்தும், நொண்டல் மறைந்துவிடும். அதனால் நாய்க்கு எதிரே யாரும் நிற்கக்கூடாது என்று சட்டம் போட்டவனும் நான்தான்.

டைகருக்குப் பின்னங்காலில் அடி. ஆபரேஷன் வேண்டுமா என்று அன்றைக்கு முடிவுசெய்ய வேண்டும். உனக்கு இருப்புக்கொள்ளவில்லை, எதிர்முனையில் பொறை பிஸ்கட்டோடு போய் நின்றுவிட்டாய். நான் மொத்த நேரத்தை மட்டும் பார்த்தேன். பலகையும் கால் சரி என்றது. "ஆபரேஷன் வேணாம்" என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். மழைக்காலம் முடிவதற்குள் டைகர் அந்தக் காலை ஊன்றுவதையே விட்டது. அப்புறம்தான் சென்சார்களின் நேரம் பதிந்த அன்றைய தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் பாதியில் தயங்கித் தயங்கி வந்திருக்கிறது. உன்னைக் கண்டதும் பறந்திருக்கிறது.

நீ திட்டியிருந்தால் தேவலை. "வுடு மச்சான். என்னப் பாத்துகினு ஓடியாந்துச்சு. அதுக்கு இன்னா தெரியும்?" என்றாய்.

சில வருஷம் கழித்து உன் மனைவி போன் செய்தாள். "அண்ணா, அவருக்கு ஒடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்றாரு. நீங்க சொன்னாதான் கேப்பாரு." வந்தேன். என்னைப் பார்த்ததும் நீ வாசலிலிருந்து கேட் வரைக்கும் விறுவிறுவென்று வந்து பையை வாங்கிக்கொண்டாய். எனக்கு நிம்மதியாகிவிட்டது. "இப்படி நடக்குறவனுக்கு என்னம்மா வரப்போகுது? மெதுவா பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அந்த வாரமே போய்விட்டாய். வீட்டுக்குள் ஒரு மாசமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாய் என்று சாவு வீட்டில் அவள் சொன்னாள்.

ஒரே தப்பை இரண்டு தடவை செய்தேனடா. மன்னிப்புக் கேட்கவும் நீ இல்லை.

இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் கொஞ்ச நேரம் தள்ளியே நிற்கிறேன். நான் வந்தது தெரியாதபோது அவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் கூப்பிடுகிறேன்.