ஒப்பீட்டு வீடு

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், அதனால் கடிதம். அந்தக் கூரை வரைபடம் என் பெயரில் மட்டும் போனது உனக்கு வருத்தம்தான். நடந்தது நடந்துவிட்டது. தம்பி மேல் எத்தனை நாள்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய்?

மாதிரி வீடு கட்டி முடித்தாகிவிட்டது. நம் ஆய்வகத்து வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. வரைந்தவன் ஒரு கோடை முழுக்க ஏசி இல்லாமல் அதில் குடும்பத்தோடு இருந்து காட்டினால்தான், தகரக் கொட்டகைகளில் குடியிருக்கும் ஏழைகளுக்கு அதே மாதிரி மற்ற வீடுகளைக் கட்டுவார்கள். குடிவந்துவிட்டோம். இரவில் மட்டும் கொஞ்சம் புழுக்கம். சிமெண்ட் ஈரம் காய்ந்தால் சரியாகிவிடும், இல்லையா? ஏதாவது தோன்றினால் எழுது.

உன் பிரியமுள்ள தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

ஆசிகள். அம்மாவும் பேசினாள். "தம்பிதானே, விட்டுக் குடுத்துடேன்" என்றாள். சைக்கிளில் ஆரம்பித்து எல்லாவற்றையும் அப்படித்தான் விட்டுக்கொடுத்தேன். இதை மாட்டேன். உச்சி வெயிலில் கூரை மேல் உட்கார்ந்து சூட்டை அளந்தவள் நான். என் மேஜையிலிருந்து அதைச் சுருட்டிக்கொண்டு போய் மேடையில் மாலை வாங்கியவன் நீ. அன்றைக்கு எரிந்த வயிறு இன்னும் அணையவில்லை.

புழுக்கத்துக்கு என்னை ஏன் கேட்கிறாய்? வரைந்தவன் நீதானே. மேடையில் அவ்வளவு விளக்கினாயே, அதையே அந்தச் சுவருக்கும் ஒருமுறை சொல்லிப் பார். தண்ணீர் நிறையக் குடி.

அக்கா

மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

கிண்டல் போதும். உடம்பெல்லாம் வேர்க்குரு, தூங்கி வெகு நாளாகிறது. உன் தம்பி மனைவி, "இது வீடா, அடுப்பா? நீங்களே இருந்து வேகுங்க" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆய்வக இயக்குநர் வந்தார், உட்காரக்கூட இல்லை. "வரைஞ்சவர் நீங்கதானே, சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுக் கழுத்தைத் துடைத்துக்கொண்டே போனார். எனக்கு எங்கே கை வைப்பதென்றே தெரியவில்லை.

இந்த வீடு தோற்றால் எனக்கு வேலை போகும், அவர்களுக்கு வீடு கிடைக்காது. அந்த ஏழைகளுக்காகவாவது சொல், அக்கா. இல்லையென்றால் ஒரே ஒரு ராத்திரி உன் வீட்டுக் கூடத்தில் படுக்க விடு. ஒரு பாய் போதும்.

தம்பி

ஜூன் 2

தம்பிக்கு,

ஏழைகளை நடுவில் இழுக்காதே. நீ சுருட்டிக்கொண்டு போனது நானே வேண்டாமென்று ஒதுக்கிய வரைபடம். புயலுக்குப் பயந்து, நடுவே காற்று ஓட வேண்டிய இரட்டைக் கூரையின் இரண்டு முனைகளையும் அதில் அடைத்திருந்தேன். நடுவில் மாட்டிக்கொண்ட சூடு ராத்திரி முழுக்க உன் தலைமேல் இறங்கும். காற்றுக்கு வழியும் விட்டு, புயலிலும் பிய்ந்து போகாத கூரையை அப்புறம்தான் வரைந்தேன். "இதுதான் கடைசியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எடுத்துக்கொண்டு போகிறவன் எங்கே கேட்பான்?

வேறு யாரும் குடிவருவதற்கு முன் நம் வழக்கம் உன்னைத்தான் முதலில் உள்ளே தள்ளும் என்று தெரியும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். குழந்தையை நினைத்து மட்டும் மனசு கேட்கவில்லை. அது கிளம்பிவிட்டது என்று படித்ததும் நிம்மதியாகத் தூங்கினேன்.

சரியான வரைபடத்தை இயக்குநரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டையும் அருகருகே விரித்து, ஏன் மாற்றினேன் என்று சொன்னேன். யார் வரைந்தது என்று அவருக்கு விளங்கிவிட்டது. உன் வீட்டுக்கு நேர் எதிரே என் வீடு எழும்புகிறது. அடுத்த கோடையில் நான் குடியிருப்பேன். அது தாங்கினால் கொட்டகைக்காரர்களுக்கு அந்த வீடு.

ஒப்பிட்டுப் பார்க்க மோசமான வீடு ஒன்றும், அடுத்த கோடையிலும் அதில் குடியிருக்க ஒரு ஆளும் வேண்டும் என்றார். உன் பெயரைச் சொன்னேன். உன் வேலை தப்பியது அதனால்தான். அக்கா விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று அம்மாவிடம் சொல்.

ராத்திரி கதவைத் தட்டினால் தண்ணீர் தருவேன். பாய் தரமாட்டேன்.

அக்கா