மருந்து ஏறாத இடம்

ஐப்பசி 5, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். குறுவை நெல் மூட்டையெல்லாம் கொள்முதல் நிலையத்து வாசலில், தார்ப்பாய்க்கு அடியில். ஈரப்பதம் அதிகமாம், காயவைத்துக் கொண்டு வா என்கிறார்கள். எங்கே காயவைப்பது, என் தலையிலா?

மதியம் இவரோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. கன்னத்தில் இருப்பது புற்றுநோய்தான் என்று போன வாரமே சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கத்தான் போனோம். டாக்டரம்மா வேறு கதை சொன்னார். முதலில் வாய் வழியாகக் குழாய் விட்டு, தொண்டை, உணவுக்குழாய், மூச்சுக்குழாய் எல்லாம் பார்க்க வேண்டுமாம்.

"அதான் கன்னத்துலன்னு தெரிஞ்சிருச்சே டாக்டர்?"

"வெத்தல பொகையில சாறு கன்னத்தோட நிக்காதும்மா. அது போன வழியில இன்னொண்ணு இருக்கான்னு பாக்காம நான் கத்தி வைக்க மாட்டேன்."

இன்னொண்ணு. குடவாசல் வரை பஸ்ஸில் அந்தச் சொல்தான் காதில். ஒன்றோடு மல்லுக்கட்டவே தெம்பில்லை. இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, யார் வயலில் சம்பா நடவு முடிந்தது, யார் வயலில் தண்ணீர் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். எரிச்சல்.

வாங்க வேண்டியது: இன்னொரு தார்ப்பாய், ரவை, இவருக்குத் துண்டு.

ஐப்பசி 8, வெள்ளி

முதல் பஸ். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். இவரைக் கட்டிலில் படுக்க வைத்தாயிற்று.

"ஐயா, ஏதும் சாப்பிட்டீங்களா?" நர்ஸ்.

"இல்லம்மா."

என்னிடமும் கேட்டார். "ஒண்ணுமில்லம்மா. கிளம்பறப்ப இவருக்கு நீராகாரம் ஒரு சொம்பு, அவ்ளோதான்" என்றேன், ஏதோ சாமர்த்தியமாகப் பார்த்துக்கொண்ட மாதிரி.

அந்தப் பெண் முகம் மாறிவிட்டது. சோற்றையெல்லாம் வடிகட்டிவிட்டேன் என்றேன். எங்கள் ஊரில் அது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. அதுவும் வாய் புண்ணான பிறகு இவருக்கு உள்ளே இறங்குவதே அது ஒன்றுதான். மயக்க மருந்து கொடுத்த பிறகு வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடுமாம். எழுப்பி அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை வரணும்.

கொடுத்தது நான். இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஐப்பசி 9, சனி

மழை. ஓரத்து மூட்டையில் நெல் முளை விட்டிருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து மகன் கண்ணன், வீடியோவில். "சும்மா செக் பண்றதுதாம்மா. டென்ஷனாகாத." அங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வான்.

போனை வைத்த பிறகு இவர்: "இன்னொண்ணு இருக்குன்னு வந்தா நான் ஆபரேஷனே பண்ணிக்க மாட்டேன். சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார். இவர் சொன்னால் செய்கிற ஆள். அதுதான் பயம்.

மோட்டார் கொட்டகை வரை போனேன். எதற்குப் போனேன் என்று மறந்து திரும்பினேன். மறுபடியும் போனேன். குழம்பில் உப்பு இல்லையாம்.

ஐப்பசி 11, திங்கள்

வெயில். நெல்லை எடுத்துக்கொண்டார்கள் என்று கொழுந்தன் போன். சரி என்று வைத்துவிட்டேன்.

இன்று இவருக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. நானும் குடிக்கவில்லை, எதற்கென்று தெரியாது.

ஆஸ்பத்திரியில் இவரை உள்ளே கொண்டுபோய் ரொம்ப நேரம் கழித்து என்னையும் கூப்பிட்டு டாக்டரம்மா படம் காட்டினார். உணவுக்குழாயில் ஒரு மருந்து தெளிப்பார்களாம். நல்ல இடமெல்லாம் பழுப்பாகிவிடும். எல்லாம் பழுப்பு. நடுவில் ஒரு திட்டு மட்டும் வெளுப்பு. வயலில் உரம் படாத இடம் மாதிரி. எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ரொம்பச் சின்னதும்மா. மேலாக்கத்தான் இருக்கு. சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கேன். அதுதான்னு வந்தாலும் குழாய் வழியாவே எடுத்துரலாம். இப்பப் பாக்காம விட்டிருந்தா உங்ககிட்ட இப்படிப் பேச முடியாது."

நல்ல சேதியாம். சந்தோஷப்பட வேண்டுமாம். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இவருக்கு மயக்கம் தெளிந்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். மறைக்கத் தெரியவில்லை. "இருக்குங்க" என்றேன். சின்னது, எடுத்துவிடலாம் என்று சொல்லி முடிப்பதற்குள் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போவோம்."

டாக்டரம்மா வந்து என்ன சொல்லியும் அதே பேச்சு. கெஞ்சினேன். அப்போதுதான் டாக்டரம்மா என் காவி ஏறிய பல்லைக் கவனித்திருக்க வேண்டும். "நீங்களும் வெத்தல போடுவீங்களாம்மா?"

போடுவேன். இவருக்கு மடித்துக் கொடுத்துவிட்டு எனக்கும் ஒன்று, புகையிலையோடு. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

"வாயத் திறங்க."

டார்ச் அடித்து, கன்னத்தை விலக்கி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். ஓர் இடத்தில் வெளிச்சம் நின்றது. "இந்த வெள்ளை எத்தன நாளா இருக்கு?" தெரியாது. வலியில்லையே. "பயப்படாதீங்க. ஆனா சதை எடுத்துப் பாக்கணும்."

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. இவர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"அவளுக்கு எல்லாத்தையும் பாருங்க டாக்டர். எனக்குச் செஞ்ச மாதிரியே பாருங்க. எனக்கு எப்ப ஆபரேஷன்னு சொல்லுங்க, நான் எங்கயும் போவல."

நான் இன்னும் வாயைத் திறந்தபடியே இருந்தேன்.